பணக்காடு: மூன்று கறுப்பர்களும் ஓர் இசைத்தட்டும்

இசைக்குச் சாதி இல்லை, நிறம் இல்லை, மொழி இல்லை என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். சொல்கிறவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் மேடையைக் கையில் வைத்திருப்பவராகத்தான் இருப்பார். வாசிக்கிறவனைக் கேட்டால் வேற பதில் வரும். வாசிச்சது யாரு, பேரு போட்டுக்கிட்டது யாரு, காசு யார் கைக்குப் போச்சு? இந்த மூணு கேள்வியைக் கேட்டால் போதும், இசையின் ‘பொதுமை’ கலைந்து அதற்குள்ளிருந்து வரலாறு எட்டிப் பார்க்கும்.

இந்த மூன்று கேள்விகளோடு ஒரு ஜாஸ் இசைத்தட்டை அணுகிப் பார்க்கலாம். 1962 செப்டம்பர் 17 அன்று, நியூயார்க்கில், ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டது. யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனி அதை 1963ல் வெளியிட்டது. பெயர் ‘மணி ஜங்கிள்’, அதாவது பணக்காடு. வாசித்தவர்கள் மூன்றே பேர். பியானோவில் ட்யூக் எலிங்டன், வயது 63. டபுள் பாஸ் என்கிற ஆளுயரத் தந்திக் கருவியில் சார்லஸ் மிங்கஸ், வயது 40. டிரம்ஸில் மாக்ஸ் ரோச், வயது 38. ஏறத்தாழ நாற்பது வருசமாகப் பெரிய வாத்தியக் குழுவைக் கட்டி மேய்த்து, ஊர் ஊராகப் போய், பேரும் புகழும் அடைந்துவிட்ட ஒரு மூத்த கலைஞர், தன் குழுவை விட்டுவிட்டு, தன் பிள்ளைகள் வயதில் இருந்த இரண்டு கோபக்காரர்களோடு வந்து உட்கார்ந்தார்.

ஜாஸ் ரசிகர்கள் இந்தத் தட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அன்றைக்கு நடந்த சண்டையைப் பற்றித்தான் பேசுவார்கள். மிங்கஸ் பாதியில் கருவியைக் கட்டிக்கொண்டு கிளம்பியது, எலிங்டன் பின்னாலேயே போய்க் கூட்டி வந்தது என்று கதை நீளும். நமக்கு அந்தச் சண்டையைவிட ‘காடு’ என்ற சொல் முக்கியம். வெள்ளையர்கள் எலிங்டன் மீது ஒட்டிய சொல் அது. 35 வருசம் கழித்து அவர் அதை உரித்தெடுத்து யார் மீது ஒட்டினார் என்பதைத்தான் இந்தத் தட்டு சொல்கிறது.

1. காட்டுக் குழு

ஜாஸ் கறுப்பர்கள் உண்டாக்கிய இசை. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களில், சாவு ஊர்வலத்துப் பித்தளை வாத்தியத்தையும் வயற்காட்டுக் கூவலையும் தேவாலயப் பாட்டையும் குழைத்து அதை உருவாக்கினார்கள். ஆனால் ஜாஸ் என்ற பெயரோடு 1917ல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த தட்டில் வாசித்த ஐந்து பேரும் வெள்ளைக்காரர்கள். முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

எலிங்டன் 1899ல் வாஷிங்டனில் பிறந்தவர். அப்பா வெள்ளையர் வீட்டில் பட்லர் வேலை பார்த்தவர். நியூயார்க்குக்கு வந்த எலிங்டனின் குழுவுக்கு 1927 டிசம்பரில் காட்டன் கிளப்பில் வேலை கிடைத்தது. கிளப் இருந்த ஹார்லெம் கறுப்பர் பகுதி. நடத்தியவர் ஓனி மேடன் என்ற வெள்ளைக்காரர், கள்ளச்சாராயக் கும்பலின் தலைவர். கிளப்பின் பெயரைப் பாருங்கள்: பருத்தி. கறுப்பர்களின் முதுகெலும்பை ஒடித்த பயிரின் பெயரையே வைத்து, உள்ளேயும் பழைய தெற்கத்திப் பருத்தித் தோட்டம் மாதிரி அலங்காரம் செய்திருந்தார்கள். ஆடுகிறவர் கறுப்பர், வாசிக்கிறவர் கறுப்பர், பரிமாறுகிறவர் கறுப்பர். உட்கார்ந்து குடிக்கிறவர் வெள்ளையர். வாடிக்கையாளராகக் கறுப்பரை உள்ளே விட மாட்டார்கள். கறுப்பர் தெருவிலேயே கடையைப் போட்டு, கறுப்பரை வைத்தே வியாபாரம் செய்து, கறுப்பருக்கே கதவைச் சாத்தினார்கள். கோயில் கொடை நாளில் வாசலுக்கு வெளியே நின்று கொட்டடித்த பரம்பரைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த மேடையில் எலிங்டன் குழுவின் இசைக்கு வைத்த பெயர்தான் ‘ஜங்கிள்’. பபர் மைலி என்பவர் டிரம்பெட்டின் வாயை ரப்பர் மூடியால் மூடித் திறந்து, உறுமுகிற, அழுகிற, திட்டுகிற ஓசைகளை எழுப்பினார். டிரிக்கி சாம் நான்டன் டிராம்போனில் அதையே செய்தார். மனிதக் குரலைப் பித்தளைக்குள் கொண்டுவந்த பெரிய கண்டுபிடிப்பு அது. வெள்ளைக்காரக் காதுக்கு அது காட்டு விலங்கின் சத்தமாகக் கேட்டது. பிரன்ஸ்விக் கம்பெனி ‘தி ஜங்கிள் பேண்ட்’, காட்டுக் குழு, என்ற பெயரிலேயே இவர்களுடைய தட்டுகளை விற்றது. வாஷிங்டன் நகரத்தில் பியானோ படித்து வளர்ந்தவருக்குக் காட்டுவாசி வேசம் கட்டிவிட்டார்கள். எலிங்டன் கட்டிக்கொண்டார். குழுவில் இருந்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டுமே. கிளப்பிலிருந்து வானொலியில் ஒலிபரப்பானதால் அவருடைய பெயர் நாடு முழுவதும் போனது. வேசத்துக்குள் இருந்துகொண்டே அவர் வேறொரு இசையை எழுதிக்கொண்டிருந்தார்.

2. தரகர் பெயர்

எலிங்டனைத் தூக்கிவிட்டவர் என்று இர்விங் மில்ஸைச் சொல்வார்கள். 1926 முதல் 1939 வரை மேலாளராகவும் பாட்டுகளின் பதிப்பாளராகவும் இருந்தவர். பதிவுக் கம்பெனிகளின் கதவைத் திறந்துவிட்டவர். 1933ல் குழுவை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தவர். இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. அதே மில்ஸின் பெயர் எலிங்டன் குழுவின் பல பாட்டுகளில் ‘ஆக்கியவர்’ வரிசையிலும் இருக்கிறது. பாட்டு விற்கும்போதெல்லாம், வேறு யாராவது பதிவு செய்யும்போதெல்லாம், அந்தப் பெயருக்கு ஒரு பங்கு போகும். உழுதவன் பேருக்குப் பக்கத்திலேயே பட்டாவில் பண்ணையாரும் பேரைச் சேர்த்துக்கொண்ட மாதிரி.

‘மணி ஜங்கிள்’ தட்டில் ஏழு உருப்படிகள். நான்கு புதியவை; மூன்று எலிங்டனின் பழைய உருப்படிகள். பழைய மூன்றில் ‘சாலிட்யூட்’ (1934), ‘கேரவன்’ (1936) இரண்டிலும் மில்ஸ் பெயர் உண்டு. மில்ஸை விட்டுப் பிரிந்து 23 வருசம் ஆகியும், பணத்தின் காட்டைப் பற்றிய தட்டிலேயே அந்தப் பெயர் கூட வந்து உட்கார்ந்துவிட்டது. ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்துக்கு ஆயுசு கெட்டி.

எலிங்டன் இதையெல்லாம் எதிர்த்தாரா? வாய் திறந்து அதிகம் பேசவில்லை. 1930களில் தெற்கு மாநிலங்களில் சுற்றுப்பயணம் போனபோது, கறுப்பருக்கு ஓட்டலில் அறை கிடைக்காது, உணவகத்தில் சோறு கிடைக்காது என்பதால், ரயிலில் தனிப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து, அதிலேயே தின்று, அதிலேயே தூங்கி, உடை கசங்காமல் மேடையேறினார்கள். அவமானப்படுகிற இடத்துக்கே போகாமல், அவமானப்படுத்துகிறவனைவிட நன்றாக உடுத்தி நிற்பது அவருடைய வழி. 1943ல் கார்னகி அரங்கில் அமெரிக்கக் கறுப்பரின் வரலாற்றையே ‘பிளாக், பிரவுன் அண்ட் பெய்ஜ்’ என்று முக்கால் மணி நேரப் பெரும்படைப்பாக வாசித்தார். அதே எலிங்டன், இருக்கைகளை நிறம் பார்த்துப் பிரித்துப் போட்ட தெற்கத்தி அரங்குகளில் 1950களிலும் வாசித்தார். அதற்காகக் கறுப்பின அமைப்புகளே அவரைக் கண்டித்தன. மௌனத்தை மானம் என்று நினைத்த தலைமுறை நம்மிடமும் உண்டு. வெள்ளை வேட்டி கட்டி, தெருவில் தலை நிமிர்ந்து நடந்து, சேரிப் பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஆண்டையோடு நேருக்கு நேர் மோதாமலே செத்துப்போன பெரியவர்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிடுவது எளிது. அவர்கள் சேர்த்து வைத்ததில் நின்றுகொண்டுதான் நாம் அப்படிச் சொல்ல முடிகிறது.

3. பணியாத இரண்டு பேர்

மிங்கஸ் 1922ல் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். சின்ன வயதில் செல்லோ கற்றார், மேற்கத்திய செவ்விசை வாசிக்க ஆசைப்பட்டார். கறுப்பனுக்கு அங்கே இடம் கிடைக்காது, பாஸைத் தூக்கு என்று கூட்டாளிகள் யதார்த்தத்தைச் சொல்ல, பாஸுக்கு மாறினார். அந்தக் கருவியை வைத்தே பிறகு பெரும்படைப்புகள் எழுதினார். தன் வரலாற்றை 1971ல் நூலாக வெளியிட்டபோது, கீழே கிடப்பவனுக்கும் கீழே என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் வைத்தார்.

ரோச் 1924ல் வட கரோலினாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். அவர் கையில் எடுத்த கருவிக்கு அமெரிக்காவில் தனி வரலாறு உண்டு. 1739ல் தெற்கு கரோலினாவில் ஸ்டோனோ என்ற இடத்தில் அடிமைகள் கலகம் செய்தார்கள். முரசடித்துக்கொண்டு அணிவகுத்துப் போனார்கள். கலகம் நசுக்கப்பட்ட பிறகு 1740ல் வந்த சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதையும் கொம்பு ஊதுவதையும் தடை செய்தது. தோலுக்குள் சேதி இருக்கிறது என்பதை எசமான்கள் நன்றாகவே புரிந்து வைத்திருந்தார்கள். தாளம் போடுகிறவன் பின்னால் உட்கார்ந்து மற்றவருக்கு ஒத்து அடிப்பவன் என்கிற எண்ணத்தை உடைத்து, டிரம்ஸும் தனியாகக் கதை சொல்லும் என்று காட்டியவர்களில் ரோச் முக்கியமானவர்.

பணத்தின் வழியை இந்த இரண்டு பேரும் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1952ல் இருவரும் சேர்ந்து ‘டெபூ’ என்ற சொந்தத் தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார்கள். நம்ம இசையை நாமே பதிவு செய்வோம், நாமே விற்போம் என்ற முயற்சி. நல்ல தட்டுகள் வந்தன. ஆனால் பெரிய கம்பெனிகளின் விற்பனை வலைக்கு முன்னால் ஐந்தாறு வருசத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1960ல் நியூபோர்ட் ஜாஸ் விழாவின் வியாபாரப் போக்கையும் கலைஞர்களை நடத்திய விதத்தையும் எதிர்த்து, அதே ஊரில், அதே நாட்களில், போட்டி விழா நடத்தினார்கள். இருவரும் முன்னால் நின்றார்கள்.

இவர்களுடைய இசையும் வெளிப்படையாக அரசியல் பேசியது. 1957ல் அர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பு மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாதபடி படையை நிறுத்தினார் ஆளுநர் ஃபாபஸ். அவரைக் கோமாளியாக்கி மிங்கஸ் ஒரு பாட்டுப் போட்டார். 1959ல் கொலம்பியா கம்பெனியின் தட்டில் வந்தபோது அதில் சொற்கள் இல்லை, வெறும் வாத்தியம். கம்பெனி சம்மதிக்கவில்லை என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். மறுவருசம் ‘கேண்டிட்’ என்ற சின்னக் கம்பெனியில்தான் சொற்களோடு பாட முடிந்தது. அதே 1960ல் அதே கேண்டிடில் ரோச் ‘வி இன்சிஸ்ட்!’ என்ற விடுதலைத் தொகுப்பைப் பதிவு செய்தார். அட்டைப் படத்தில் சாப்பாட்டுக் கடை முகப்பில் மூன்று கறுப்பர்கள் உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த வருசம் பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் கறுப்பு மாணவர்கள் வெள்ளையருக்கான இருக்கையில் உட்கார்ந்து எழ மறுத்த போராட்டத்தின் சாயல் அது. இரட்டை டம்ளர் தெரிந்த நமக்கு அந்த இருக்கை என்ன என்று தெரியும். தட்டின் ஓர் இடத்தில் பாடகி அபி லிங்கன் சொல்லே இல்லாமல் கத்துகிறார், ஒரு நிமிசத்துக்கு மேல். அழகான பாட்டு வேண்டும் என்று வந்தவன் ஓடிப்போகட்டும் என்கிற கத்தல்.

இப்படிப்பட்ட இரண்டு பேரோடுதான் எலிங்டன் வந்து உட்கார்ந்தார். இன்னொரு பழைய கணக்கும் இருந்தது. 1953ல் மிங்கஸ் சில நாட்கள் எலிங்டன் குழுவில் வாசித்தார். ஹுவான் டிசோல் என்ற டிராம்போன் கலைஞரோடு அடிதடியாகி, எலிங்டனாலேயே வேலையை விட்டு அனுப்பப்பட்டார். அந்த டிசோலும் சேர்ந்து எழுதியதுதான் ‘கேரவன்’. ஒன்பது வருசம் கழித்து, வெளியே அனுப்பப்பட்டவர் அந்தப் பாட்டையே அனுப்பியவர் பக்கத்தில் நின்று வாசிக்கிறார்.

4. ஒரு நாள்

ஒத்திகை கிடையாது. எலிங்டன் கொஞ்சம் சுரக்குறிப்பைக் கொடுத்து, ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு காட்சியை வாயால் சொன்னார் என்று ரோச் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தலைப்பு உருப்படிக்கு அவர் சொன்ன காட்சி: தெருவெல்லாம் பாம்புகள் தலையைத் தூக்கிக்கொண்டு ஊர்கின்றன. அந்தப் பாம்புகள்தான் கலைஞர்களைச் சுரண்டிய ஏஜெண்டுகளும் மற்றவர்களும். இதை மனசில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

வாய் திறக்காதவர் என்று பேரெடுத்த மனிதர் சொன்னது இது. காட்டன் கிளப்பில் அவரைக் காட்டுவாசி என்றார்கள். காடு என்னுடையது இல்லை, உன்னுடைய நகரம்தான் காடு, உன்னுடைய ஒப்பந்தத் தாள்தான் காடு என்று 63 வயதில் திருப்பிச் சொல்கிறார். பேச்சில் சொல்லாததைப் பியானோவில் சொல்கிறார். தட்டு ஆரம்பிக்கும்போதே மிங்கஸ் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு தந்தியை இழுத்து, வளைத்து, தெறிக்க விடுகிறார். ரோச் தாளத்தட்டில் விடாமல் துரத்துகிறார். அதன்மேல் எலிங்டன் இசையாத சுரங்களைக் கொத்துக் கொத்தாக எடுத்து அறைகிறார். உருவம் என்னவோ பழைய பன்னிரண்டு அளவு புளூஸ்தான், கறுப்பரின் பழைய புலம்பல் பாட்டு. ஆனால் இங்கே அது புலம்பவில்லை, கடிக்கிறது.

இரண்டாவது உருப்படி நேரெதிர். பெயர் ‘ஃப்ளூரெட் ஆஃப்ரிக்கேன்’, ஆப்பிரிக்கச் சிறுமலர். அடர்ந்த காட்டின் நடுவில், மனிதக் கண்ணும் கையும் படாமல் பூத்த ஒரு பூ என்பது எலிங்டன் அதற்குக் கொடுத்த காட்சி. பியானோ மெதுவாக, கொஞ்சமாகச் சொல்கிறது. மிங்கஸின் பாஸ் அதைச் சுற்றிப் பூச்சியின் சிறகு மாதிரி நடுங்குகிறது. ரோச்சின் தோல் கருவிகள் தூரத்து முழக்கமாக அடியில் கேட்கின்றன. முதல் உருப்படியில் துரத்தியவர்களா இவர்கள் என்று இருக்கிறது. ஆக, தட்டில் இரண்டு காடுகள் இருக்கின்றன. பாம்பு ஊர்கிற பணக்காடு ஒன்று. விற்பனைக்கு வராத ஆப்பிரிக்கக் காடு இன்னொன்று. வெள்ளையன் இரண்டையும் குழப்பிக் கறுப்பர் தலையில் கட்டியிருந்தான். எலிங்டன் பிரித்து வைக்கிறார்.

இடையில்தான் மிங்கஸ் கிளம்பிப் போனார். ஏன் என்பதில் ஆளுக்கொரு கதை. ரோச்சோடு ஒத்துப் போகவில்லை என்பார்கள், மிங்கஸின் படைப்புகள் இடம்பெறாத கோபம் என்பார்கள். போனார், எலிங்டன் பின்னால் போய்ப் பேசி அழைத்து வந்தார், பதிவு தொடர்ந்தது என்பது மட்டும் பொதுவாக வருகிறது. 1953ல் வெளியே அனுப்பியவர் 1962ல் எழுந்து போய்த் திரும்ப அழைத்து வருகிறார். மூத்தவர் வழியும் இளையவர் வழியும் ஒன்றாகிவிடவில்லை. தட்டைக் கேட்டாலே அந்த உரசல் தெரியும். யாரும் யாருக்கும் ஒத்து ஊதவில்லை. பியானோ ராசா, மற்ற இரண்டும் சேவகம் என்ற வழக்கமான மூவர் அமைப்பு இங்கே நிற்கவில்லை. மூத்தவரும் அந்த இடத்தைக் கேட்டுப் பிடிவாதம் பிடிக்கவில்லை.

5. தூதர்

தட்டு வெளிவந்த 1963ல் எலிங்டனின் பெருங்குழுவை அமெரிக்க அரசு கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பியது. அமெரிக்க ஜனநாயகத்துக்கு ஒரு கறுப்பு முகம் தேவைப்பட்ட பனிப்போர்க் காலம். செப்டம்பரில் டமாஸ்கஸில் தொடங்கிய பயணம் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, இலங்கை என்று போனது. பயணம் தொடங்கிய அதே மாதத்தில், செப்டம்பர் 15 அன்று, அலபாமாவின் பர்மிங்ஹாமில் கறுப்பர் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் செத்தார்கள். போன இடமெல்லாம் பத்திரிகைக்காரர்கள் நிறப் பிரச்சினையைப் பற்றிக் கேட்டார்கள். அரசு அனுப்பிய விருந்தாளியாக நின்றுகொண்டு அவர் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேட்ட நம்மூர்க் கனவான்களில் எத்தனை பேர் தங்கள் ஊர்ச் சேரியைப் பற்றி இதே கேள்வியை யாரிடமாவது கேட்டிருப்பார்கள்?

அவர் வெறும் அலங்காரப் பொம்மையும் இல்லை. 1960 பிப்ரவரியில் பால்டிமோரில் மாணவர் போராட்டத்தின்போது அவர்களோடு ஓர் உணவகத்துக்குப் போனார். அவருக்கும் பரிமாற மறுத்தார்கள். 1963 ஆகஸ்டில் சிகாகோவில் ‘மை பீப்பிள்’, என் மக்கள், என்ற மேடைப் படைப்பைத் தந்தார். அதில் பர்மிங்ஹாமின் போராட்டமும் மார்ட்டின் லூதர் கிங்கும் பாட்டாக வருகிறார்கள். மௌனமானவர் என்று நாம் ஓரங்கட்டுகிறவர்களின் முழுக் கணக்கையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்கில் இன்னொன்று. 1965ல் இசைக்கான புலிட்சர் பரிசுக் குழுவின் நடுவர்கள் எலிங்டனின் மொத்தப் பணிக்காகத் தனிச் சிறப்பு வழங்கப் பரிந்துரைத்தார்கள். மேலே இருந்த வாரியம் மறுத்துவிட்டது. நடுவர்கள் இருவர் பதவி விலகினார்கள். அவருக்கு அப்போது 66 வயது. 1974ல் இறந்தார். 1999ல், பிறந்த நூற்றாண்டில், அதே புலிட்சர் அவருக்குச் சிறப்பு விருது அறிவித்தது. செத்த பிறகு மாலை போடுவதற்கு எந்த ஆதிக்கத்துக்கும் கஷ்டம் இல்லை.

6. நமக்கு

1946ல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972ல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்ஸ் தன் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தது. அவர்களுடைய அரசியலையும் கவிதையையும் படித்த அளவுக்கு இசைக்காரர்களின் பணக் கணக்கை நாம் படிக்கவில்லை.

‘ஜாஸ்’ என்ற சொல்லையே இந்த மூன்று பேரும் விரும்பவில்லை. ஒதுக்கி வைக்கிற பெயர் அது என்பது அவர்கள் கருத்து. பறை விசயத்தில் நாம் வேறு வழியில் போனோம். இழிவென்று ஒட்டிய பெயரையே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அடித்தோம். இரண்டு வழியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெயரை மீட்டால் மட்டும் போதாது. பறைச் சத்தம் சினிமாவுக்குப் போனது, கேசட்டுக்குப் போனது, கல்லூரி விழாவுக்கும் வெளிநாட்டு மேடைக்கும் போனது. அடித்தவர் பேர் எத்தனை அட்டையில் இருக்கிறது? உரிமை யாரிடம் இருக்கிறது? ‘மணி ஜங்கிள்’ தட்டும் அதைப் படைத்தவர்கள் கையில் இல்லை. கம்பெனிக்காரர்களின் சொத்தாகி, 1987ல் ‘புளூ நோட்’ அடையாளத்தோடு கூடுதல் உருப்படிகள் சேர்த்து மறுபடி விற்பனைக்கு வந்தது. பாம்பைப் பற்றிப் பாடிய பாட்டும் பாம்புப் புற்றுக்குள்ளேதான் இருக்கிறது.

நம் கலைஞர்களிடம் வாழ்க்கை வரலாறு பதியப் போகிற தோழர்கள் அவமானங்களைக் கேட்கிறார்கள், அடிமுறைகளைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். கூடவே இதையும் கேளுங்கள்: ஒரு சாவுக்கு எவ்வளவு கூலி, இடையில் நின்று பேசியவர் யார், அவர் எவ்வளவு எடுத்தார், ஒலிப்பதிவு செய்தபோது எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா, அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது, அந்தத் தாள் இப்போது யார் வீட்டில் இருக்கிறது. பதிலை அப்படியே, தொகையோடும் தேதியோடும் எழுதி வையுங்கள்.